ரயில் வந்து சேர்ந்த மறுநாளிலிருந்து

சில வருடங்களாக லண்டனில், வாரத்தில் ஒரு நாள், பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றும் வேலைக்குத் தன்னார்வலராகப் போகிறேன். 1930களிலும் இரண்டாம் உலகப் போரின் போதும் ஜெர்மனி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து தப்பி பிரிட்டனுக்கு வந்த யூத அகதிகளைப் பற்றி நிவாரண அமைப்புகள் எழுதி வைத்த கார்டுகளும் கோப்புகளும் அவை. இந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே எங்கள் பகுதியில் ஒரு சிரிய அகதிக் குடும்பத்தை வரவழைத்துக் குடியமர்த்திய உள்ளூர்க் குழுவிலும் இருந்தேன். காலையில் 1939ஆம் வருடத்துக் கார்டு ஒன்றில் படித்த சிக்கலை மாலையில் எங்கள் குழுக் கூட்டத்தில் அப்படியே பார்த்த நாட்கள் உண்டு. அகதிகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனதில் வைத்திருந்து எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கார்டுகள் பார்வைக்குச் சாதாரணமானவை. பெயர், பிறந்த தேதி, ஊர், வந்து இறங்கிய நாள், தங்கிய முகவரி, அதற்குக் கீழே வெவ்வேறு பேனாவில் வெவ்வேறு கையெழுத்தில் ஒற்றை வரிக் குறிப்புகள். பள்ளி மாறினான், காலணிக்குப் பணம் கொடுத்தோம், வேலை கிடைத்தது, முகவரி மாறியது, குடியுரிமை பெற்றார், அமெரிக்கா போனார். சில கார்டுகளில் இந்தக் குறிப்புகள் பத்து வருடத்துக்கு மேல் ஓடும், சிலவற்றில் இரண்டே வரியோடு நின்றுவிடும். நிவாரண வேலை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ரயிலும் கப்பலும் எல்லை தாண்டும் இரவும்தான். அது இல்லாமல் எதுவும் நடந்திருக்காது, சரி. ஆனால் படிக்கப் படிக்க எனக்கு உறைத்தது வேறு. வந்து சேர்ந்த மறுநாள் தொடங்குகிற வேலைதான் நீளமானது, அதற்குத்தான் ஆள் போதாமல் போகிறது.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் கடைசியில் பேசுவது அதைத்தான். 1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் பிரிட்டிஷ் யூதத் தலைவர்கள் அரசுக்கு ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள்: வரும் அகதி யாரும் அரசுப் பணத்துக்குச் சுமையாக மாட்டார், செலவு எங்களுடையது. ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்து லண்டனில் வங்கித் தொழில் செய்த ஓட்டோ ஷிஃப் இதில் முக்கியமானவர். அப்போது அவர்கள் மனதில் இருந்தது சில ஆயிரம் பேர்தான். 1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதே வருடம் நவம்பர் 9, 10 தேதிகளில் நாஜிகள் யூதர்களின் ஜெப ஆலயங்களை எரித்து, கடைகளை நொறுக்கி, சுமார் 30,000 யூத ஆண்களை வதை முகாம்களுக்கு இழுத்துப் போனார்கள். அதோடு அந்தப் பழைய கணக்கு எதற்கும் உதவாமல் போனது. போர் தொடங்கும்போது பிரிட்டனில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகள் இருந்தார்கள், அமைப்புகளின் கையிருப்பு கரைந்திருந்தது, கடைசியில் அரசே செலவில் பாதியை ஏற்றுக்கொள்ள வேண்டி வந்தது, பின்னால் அந்தப் பங்கு இன்னும் கூடியது. அந்த வாக்குறுதியை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் கதவே திறந்திருக்காது. ஆனாலும், எவ்வளவு காலத்துக்கு, எத்தனை பேருக்கு என்று எழுதாமல் கொடுக்கும் உறுதி, கொடுத்தவரையும் நசுக்கும், பெற்றவரையும் பயத்தில் வைத்திருக்கும். எங்கள் குழு சேர்ந்த பிரிட்டிஷ் அரசுத் திட்டம் 2016இல் தொடங்கியது. அப்போதைய விதிப்படி ஒரு குழு குறைந்தது 9,000 பவுண்டு திரட்டிக் காட்ட வேண்டியிருந்தது, இரண்டு வருடத்துக்கு வீடு உறுதி செய்ய வேண்டியிருந்தது, ஒரு வருடம் கூடவே இருந்து உதவ வேண்டியிருந்தது. முதல் கூட்டத்தில் எங்களில் பலருக்கு இந்த நிபந்தனைகள் எரிச்சலாக இருந்தன. எனக்கு அவை நிம்மதியாக இருந்தன. தொகையும் காலமும் பொறுப்பும் எழுத்தில் இருந்தால்தான் நள்ளிரவில் தொலைபேசி வரும்போது யார் எடுக்க வேண்டும் என்று சண்டை வராது.

1938 நவம்பர் 21ஆம் தேதியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அன்று காலை யூத அமைப்புகளும், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் சேர்ந்த ஒரு குழு உள்துறை அமைச்சர் சாமுவேல் ஹோரைச் சந்தித்தது. குவேக்கர் பக்கத்திலிருந்து பெர்த்தா பிரேசி போயிருந்தார். ஜெர்மனியில் வருடக் கணக்காக நிவாரணம் செய்தவர், அங்கே என்ன நடக்கிறது என்பதை ஆட்களின் வழியாக அறிந்தவர். அன்றே நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது, பிள்ளைகளைத் தனி விசா இல்லாமல் பட்டியலாக அனுமதிக்கலாம் என்று வழி பிறந்தது. டிசம்பர் 2ஆம் தேதி சுமார் 200 பிள்ளைகளோடு முதல் கப்பல் ஹாரிச் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. பதினோரு நாள்! போர் மூளும் வரை இப்படிக் கிட்டத்தட்ட 10,000 பிள்ளைகள் வந்தார்கள், பெரும்பாலும் தாய் தகப்பன் இல்லாமல், ஒரு பெட்டியோடும் கழுத்தில் எண் எழுதிய அட்டையோடும்.

வியன்னாவில் நடந்தது இன்னும் வேகமானது. டச்சுக்காரப் பெண்மணி ட்ரூஸ் வைஸ்முல்லர், அவர் யூதர் இல்லை, நேராக நாஜி அதிகாரி ஐக்மனின் அலுவலகத்துக்குப் போய்ப் பேசினார். நடக்காது என்ற நினைப்பில் அவன் சொன்னது, 600 பிள்ளைகளை இந்த வாரத்துக்குள் கூட்டிப் போ என்று. டிசம்பர் 10ஆம் தேதி 600 பேரோடு ரயில் கிளம்பியது. அவருடைய துணிச்சலைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, வியன்னாவின் யூதச் சமூக அலுவலகத்தில் சில நாளுக்குள் 600 பெயரைத் தேர்ந்து, பெற்றோரிடம் சொல்லி, காகிதம் தயார் செய்த பெயர் தெரியாத எழுத்தர்கள். அந்த ஆட்கள் இல்லையென்றால் அவர் வென்று வந்த அனுமதி வீணாகியிருக்கும். நீங்கள் ஒரு குழுவில் சேரும்போது, பேசத் தெரிந்தவர் யார் என்று பார்ப்பதோடு நிற்காமல், படிவம் நிரப்பத் தெரிந்தவர், பட்டியல் பராமரிக்கத் தெரிந்தவர் யார் என்று பாருங்கள். எங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற தபால் ஊழியர். கூட்டத்தில் அதிகம் பேச மாட்டார். ஆனால் அந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு காகிதமும் எந்தத் தேதியில் எங்கே போனது, பதில் வந்ததா என்பது அவர் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். வங்கிக் கணக்கு, மருத்துவரிடம் பதிவு, பள்ளிச் சேர்க்கை, அரசு உதவித்தொகை, எல்லாம் அந்த நோட்டின் மேல் நடந்தது.

காகிதம் தாமதமானால் என்ன ஆகும் என்பதும் அந்தக் காலத்திலேயே எழுதியிருக்கிறது. 1939இல் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 பவுண்டு உத்தரவாதத் தொகை கேட்கத் தொடங்கினார்கள், பின்னாளில் பிள்ளை வேறு நாட்டுக்குப் போகும் செலவுக்காக. அன்றைக்கு அது சாதாரண வீட்டுக்குப் பெரிய பணம். உத்தரவாதம் கொடுக்க ஆள் கிடைக்கும் வரை பிள்ளை அங்கேயே காத்திருக்க வேண்டும். செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகாவில் டோரீன் வாரினர், ட்ரெவர் சாட்விக் போன்றவர்கள் களத்தில் நின்றார்கள், பங்குச் சந்தையில் வேலை பார்த்த நிக்கலஸ் விண்டன் லண்டனில் மாலை நேரங்களில் உட்கார்ந்து உத்தரவாதமும் வீடும் தேடினார், இப்படி 669 பிள்ளைகள் வந்தார்கள். 1939 செப்டம்பர் 1ஆம் தேதி கிளம்ப இருந்த ரயிலில் 250 பிள்ளைகள். அன்று போலந்துப் படையெடுப்பு தொடங்கிவிட்டது. ரயில் கிளம்பவில்லை. இதைப் படித்த பிறகு எந்தப் படிவத்தையும் 'அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்' என்று என்னால் மேசையில் வைத்துவிட்டு வர முடிவதில்லை.

பிள்ளைகள் வந்து இறங்கிய பிறகு நடந்ததில் எனக்கு மிகவும் வலிப்பது டோவர்கோர்ட். ஹாரிச் பக்கத்தில் கடலோரக் கோடைக்கால விடுமுறை முகாம் அது. வீடு முடிவாகாத பிள்ளைகளை 1938 டிசம்பர் குளிரில் அந்த மெல்லிய மரக் குடில்களில் தங்க வைத்தார்கள். வார இறுதியில் வளர்ப்புப் பெற்றோர் ஆக விரும்பியவர்கள் வந்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் போனார்கள். சின்ன வயது, அழகான முகம், பெண் குழந்தை என்றால் சீக்கிரம் போய்விடுவார்கள். பதினான்கு பதினைந்து வயதுப் பையன்கள் வாரா வாரம் தலை சீவி உட்கார்ந்து, யாரும் கூப்பிடாமல் அறைக்குத் திரும்பினார்கள். அதை மாட்டுச் சந்தை என்றுதான் அந்தப் பிள்ளைகளில் சிலர் பெரியவர்களான பிறகு நினைவுகூர்ந்தார்கள். அண்ணனை ஒரு ஊருக்கும் தங்கையை வேறு ஊருக்கும் அனுப்பியதும் நடந்தது. வீடு கொடுத்தவர்களின் மனசு நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமையை உதவுகிறவர் கையில் கொடுத்தால் உதவி எப்படித் திரிந்துபோகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எங்கள் குழுவிலும் இந்தக் கேள்வி வந்தது. குடும்பம் வருவதற்கு முன்னால், சின்னப் பிள்ளைகள் இருக்கும் குடும்பமாகக் கேட்கலாமா, ஆங்கிலம் தெரிந்தவர்களாகக் கேட்கலாமா என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு கேட்டார். நான் டோவர்கோர்ட்டைப் பற்றிச் சொன்னேன். அதற்கு மேல் விவாதம் தேவைப்படவில்லை. யார் வருகிறார்கள் என்பதைத் தேவையை அறிந்த அதிகாரிகள் முடிவு செய்யட்டும், வீட்டில் எத்தனை படுக்கை போட முடியும், மாடி ஏற வேண்டுமா, பேருந்து அருகில் வருமா என்பதை மட்டும் நாம் சொல்வோம் என்று வைத்துக்கொண்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வந்தவர்களின் படத்தைப் பத்திரிகைக்கும் முகநூலுக்கும் கொடுக்காதீர்கள் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து வேலை. சுமார் 20,000 பெண்கள் வீட்டுவேலை விசாவில் பிரிட்டனுக்கு வந்தார்கள். உயிர் பிழைக்க அது ஒரு கதவு, அதைத் திறந்து வைத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொந்த வீட்டில் சமையலுக்கு ஆள் வைத்திருந்தவர்கள், படித்தவர்கள், பாட்டும் பியானோவும் கற்றவர்கள் இங்கே வந்து அதிகாலையில் எழுந்து கணப்புச் சாம்பல் அள்ளினார்கள். கார்டுகளில் இது ஒரே வரியாக இருக்கும்: வீட்டுப் பணியாள், சரே மாவட்டம். அதற்குப் பக்கத்திலேயே பழைய தொழில்: ஆசிரியை. இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் உள்ள தூரத்தை யாராவது ஒரு நிவாரணப் பணியாளர் கவனித்து, தகுதிக்கேற்ற பயிற்சிக்கு எழுதிப்போட்ட கார்டுகளும் உண்டு, அவற்றில் பத்து வருடம் கழித்து வரும் வரிகள் வேறு மாதிரி இருக்கும். எங்களிடம் வந்த சிரியர் அலெப்போவில் மின்சார வேலை பார்த்தவர். வந்த சில வாரத்திலேயே கார் கழுவும் இடத்தில் வேலை இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, அவர் உடனே சம்மதித்தார், மறுத்தால் நன்றி கெட்டவன் என்று நினைப்பார்களோ என்ற பயம் அவருக்கு. நாங்கள் தனியாக உட்கார்ந்து மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசினோம். வார இறுதியில் அந்த வேலை, மற்ற நாட்களில் ஆங்கில வகுப்பு, அப்புறம் கல்லூரியில் மின்பணிச் சான்றிதழ் என்று அவரே ஒரு திட்டம் சொன்னார். அவர் மனதில் அது முன்பே இருந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பாளர் என்றதும் ஒன்று. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போய் மூன்று மாதத்தில் ஆங்கிலம் பிடித்துவிடுவார்கள், தாய்க்கு மருத்துவரிடம் போக வேண்டுமென்றால் பையனைக் கூட்டிப் போவது சுலபமாகத் தெரியும். 1939இல் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வந்த வேகத்தில், அரைகுறை ஆங்கிலத்தில், பணக்கார வீடுகளின் கதவைத் தட்டி, என் அம்மாவுக்குச் சமையல் வேலை கொடுப்பீர்களா, அப்பாவுக்குத் தோட்ட வேலை கொடுப்பீர்களா என்று கேட்டுத் திரிந்தார்கள். வேலை கிடைத்தால் விசா கிடைக்கும், விசா கிடைத்தால் அம்மா வருவாள். சில பிள்ளைகளுக்கு அது பலித்தது. பலிக்காத பிள்ளைகள், இன்னும் ஒரு கதவைத் தட்டியிருக்கலாமோ என்று ஆயுள் முழுவதும் தங்களைக் கேட்டுக்கொண்டார்கள். இதை என்னால் சாதாரணமாக எழுத முடியவில்லை. பெரியவர்களின் பாரத்தைப் பிள்ளை தலையில் ஏற்றாமல் இருக்க, ஒரு மணி நேர மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும் காசு பெரிய காசே இல்லை.

1939 செப்டம்பர் 3ஆம் தேதி பிரிட்டன் போரில் இறங்கியதும் கடிதப் போக்குவரத்து அறுந்தது. நடுநிலை நாடுகளின் வழியாகச் சில கடிதங்கள், அப்புறம் செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவத்தில் 25 வார்த்தை. அதற்குள் ஒரு தாய் மகனிடம் என்ன சொல்வாள்? நன்றாக இருக்கிறோம், நன்றாகப் படி, கவலைப்படாதே. 1941, 1942 வாக்கில் அந்தப் படிவங்களும் நின்றுபோயின. ஏன் நின்றன என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தது 1945க்குப் பிறகுதான். எங்கள் குழுவில் தொலைபேசிக் கட்டணத்தையும் இணையத்தையும் முதல் நாள் செலவுப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு இந்த 25 வார்த்தைதான் காரணம். வீட்டுக்கு மேசை நாற்காலி ஒரு வாரம் கழித்து வந்தாலும் பரவாயில்லை, இறங்கிய அன்று இரவே அவர்கள் தாயோடு பேச வேண்டும்.

போர் இன்னொன்றையும் கொண்டுவந்தது. தப்பி வந்த யூதர்களே இப்போது எதிரி நாட்டவர் ஆனார்கள். 1939 இலையுதிர் காலத்தில் நடுவர் மன்றங்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியரையும் ஆஸ்திரியரையும் விசாரித்து ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தன. பெரும்பாலோர் சி, அதாவது ஆபத்தில்லாதவர். 1940 மே, ஜூனில் ஜெர்மன் படை பிரான்ஸை வீழ்த்தியபோது நாடு பதறியது, ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்தவர்களையும் பிடித்து முகாமில் போட்டார்கள், மொத்தம் சுமார் 27,000 பேர், பெரும்பாலானவர்கள் ஐல் ஆஃப் மான் தீவில். அதில் பதினாறு வயது தாண்டிய, இரண்டு வருடத்துக்கு முன் கழுத்தில் அட்டையோடு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். டுனேரா என்ற கப்பல் சுமார் 2,500 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 10ஆம் தேதி லிவர்பூலிலிருந்து கிளம்பி செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் இறக்கியது. பலருக்கு எங்கே போகிறோம் என்றே தெரியாது. எலினோர் ராத்போன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் விடாமல் கேள்வி கேட்டார், முகாம்களுக்கு நேரில் போனார், பெயர் பெயராக அரசிடம் மல்லுக்கட்டினார். நிவாரண அமைப்புகளுக்கு ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது நேரான நடைமுறைப் பாடம். இன்று அனுமதி கொடுத்த நாடு நாளை மனம் மாறலாம். அதனால் அவர்களுடைய அசல் ஆவணங்கள் எப்போதும் அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும், உதவுகிறவர் வீட்டு அலமாரியில் இருக்கக் கூடாது. ஒரு நகல் குழுவிடம், ஒரு நகல் வழக்கறிஞரிடம். அனுமதிக் காலம் முடியும் தேதியை யாராவது ஒருவர் ஆறு மாதத்துக்கு முன்பே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளூர் நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தோடு பிரச்சினை வருவதற்கு முன்பே அறிமுகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அந்தக் குடும்பத்துக்காகத் தயாரான நாட்களில் குழுவில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா இருந்தார். 1980களில் தானே அகதியாக வந்தவர், இப்போது கணக்காளர். எல்லாரும் பெட்டி பெட்டியாகத் துணியும் பொம்மையும் கொண்டுவந்து குவித்துக்கொண்டிருந்தபோது என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, முதல் கிழமை எல்லாரும் வருவினம். சாப்பாடும் உடுப்பும் குவியும். மூண்டாம் மாசம் ஆர் வருவினம் எண்டு இப்பவே எழுதி வையுங்கோ." எழுதினோம். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம் யார் யார் எந்த நாளில் போவது என்று. மூன்றாம் மாதத்தில்தான் அந்த அம்மா படுக்கையை விட்டு எழ முடியாமல் அழத் தொடங்கினார். வந்த பரபரப்பு அடங்கி, இனித் திரும்ப முடியாது என்பது உடம்புக்குத் தெரிய அவ்வளவு நாள் ஆகும்போல. அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அன்றைக்கு அவர் தனியாகத்தான் இருந்திருப்பார்.

இந்த வேலையை மிக நன்றாகச் செய்தவர்கள் என்று எனக்குத் தோன்றுவது வட இங்கிலாந்தில் விண்டர்மியர் ஏரிப் பக்கத்தில் 1945இல் இருந்த குழு. போர் முடிந்து, நாஜி வதை முகாம்களில் உயிரோடு மிஞ்சிய 1,000 பிள்ளைகளை அழைத்துவர லெனார்ட் மான்டிஃபியோரி முயன்று அரசிடம் அனுமதி வாங்கினார். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களைத் தேடியதில் 732 பேர்தான் கிடைத்தார்கள். இந்த எண்ணைப் படித்துவிட்டு அன்று நான் வேலையை நிறுத்திவிட்டேன். முதல் 300 பேர் ஆகஸ்ட் 14ஆம் தேதி பிராகாவிலிருந்து குண்டுவீச்சு விமானங்களில் வந்து இறங்கினார்கள். விமானத் தொழிற்சாலைத் தொழிலாளருக்காகக் கட்டிய குடியிருப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டில், வெள்ளை விரிப்பு. முதல் வேளை ரொட்டியைக் கண்டதும் பிள்ளைகள் பாய்ந்து அள்ளிச் சட்டைக்குள்ளும் மெத்தைக்கு அடியிலும் ஒளித்தார்கள். அங்கே பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் ஆஸ்கர் ஃபிரீட்மன், உளவியல் அறிந்தவர், அவரே ஜெர்மனியிலிருந்து வந்த அகதி. ஒளித்த ரொட்டியை யாரும் பறிக்கவில்லை. அடுத்த வேளையும் ரொட்டி வந்தது, மறுநாளும் வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது, நாளாக ஆக ஒளிப்பது குறைந்தது. பேசி நம்ப வைக்க முடியாததைத் திரும்பத் திரும்ப வந்த சாப்பாடு நம்ப வைத்தது.

அதோடு அவர்கள் இன்னொன்றைச் சரியாகச் செய்தார்கள். ஏழு வருடத்துக்கு முன்பு போல ஒவ்வொரு பிள்ளையாகக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கவில்லை. முகாமில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பெரும்பாலும் கூட்டமாகவே வைத்து, லண்டன், மான்செஸ்டர், கிளாஸ்கோ போன்ற ஊர்களில் விடுதிகளுக்கு அனுப்பினார்கள். லண்டனில் பிரிம்ரோஸ் கிளப் என்று ஒரு இளைஞர் மன்றம் வைத்து மாலைகளில் கூட இடம் கொடுத்தார்கள், யோகி மேயர் என்பவர் விளையாட்டையும் அதில் சேர்த்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான பென் ஹெல்ஃப்காட் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் பளுதூக்கும் அணிக்குத் தலைவராகப் போனார். அவர்களே 1963இல் தங்களுக்குள் ஒரு உதவிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். உறவு எல்லாம் போன பிறகு அவர்களுக்கு அவர்களே அண்ணன் தம்பி. அகதிகளைப் பல ஊர்களுக்குச் சிதறடித்தால் சீக்கிரம் ஒன்றிக் கலந்துவிடுவார்கள் என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் சிரியக் குடும்பம் முதன்முதலாகச் சிரித்துப் பேசியதை நாங்கள் பார்த்தது, நாற்பது நிமிடப் பேருந்துப் பயணத்தில் இருந்த இன்னொரு அலெப்போக் குடும்பத்தின் வீட்டில்தான். அந்தப் பேருந்துச் சீட்டுக்கு மாதா மாதம் பணம் ஒதுக்கினோம். நாங்கள் வாங்கிக் கொடுத்த தொலைக்காட்சியைவிட அது அவர்களுக்கு உதவியது.

மதத்தைப் பற்றியும் கேட்டுவிடுங்கள், கூச்சப்படாமல். 1938-39இல் வந்த யூதப் பிள்ளைகளில் பலர் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தார்கள். யூத வீடுகள் போதவில்லை, அவசரம் வேறு. அன்பாக வளர்த்த வீடுகளிலேயே பிள்ளை தன் பண்டிகையும் பிரார்த்தனையும் மறந்துபோனதுண்டு. யூத மதகுரு (ரப்பி) சாலமன் ஷோன்ஃபெல்ட் போன்றவர்கள் இதற்காகக் கடுமையாகச் சண்டை போட்டார்கள். சில பிள்ளைகளுக்கு மதம் ஒரு பொருட்டே இல்லை, சிலருக்கு அது மட்டும்தான் வீட்டிலிருந்து வந்தது. அதை நாம் ஊகிக்க முடியாது. எந்த இறைச்சிக் கடை, எந்தப் பள்ளிவாசல், பெண் மருத்துவர் வேண்டுமா, எதுவும் வேண்டாமா, எல்லாம் கேட்டால்தான் தெரியும்.

கடைசியாக, இதைப் படிப்பவர்களில் சிலர் பிரிட்டனில் யூத நண்பர்களோ பக்கத்து வீட்டு முதியவர்களோ உள்ளவர்களாக இருப்பீர்கள். தங்கள் தாயோ தாத்தாவோ எப்படி வந்தார்கள் என்று தேடுகிறவர்களுக்கு நீங்கள் உதவலாம், இது நான் வாரா வாரம் பார்க்கும் வேலை. 1933இல் பிரிட்டிஷ் யூதத் தலைவர்கள் அகதிகளுக்காகத் தொடங்கிய நிதியம்தான் இன்று வேர்ல்ட் ஜூயிஷ் ரிலீஃப் என்ற பெயரில் இயங்குகிறது, தன்னிடம் மிஞ்சியிருக்கும் கோப்புகளைக் குடும்பத்தாருக்குக் கட்டணமில்லாமல் தருகிறது. நாஜி முகாம்களில் இறந்தவர்களைத் தேட லண்டனில் உள்ள வீனர் ஹோலோகாஸ்ட் நூலகத்தில் ஜெர்மனியின் அரோல்சன் ஆவணக் காப்பகத்துப் பதிவுகளைப் பார்க்கலாம். 1939 நடுவர் மன்றக் கார்டுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கேட்கும்போது முழுப் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், வந்த வருடம் இவற்றைக் கொடுங்கள். பெயரின் ஜெர்மன் எழுத்துக்கூட்டல் வேறு, இங்கே வந்து மாற்றிக்கொண்ட பெயர் வேறு, பெண்களுக்குத் திருமணத்துக்கு முந்தைய பெயர் வேறு, எல்லாவற்றையும் எழுதுங்கள். பதில் வர வாரக் கணக்காகலாம். கோப்பு வந்ததும் முதியவரிடம் தனியாகக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், அவர் விரும்பினால் கூட இருங்கள், அவர் படிக்காமல் மூடி வைத்தால் அதையும் விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.